குரலுக்கும் தொலைநகலுக்கும் ஒரே இயந்திரம்: ஃப்ரீஸ்விட்ச், ஸ்பான்டிஎஸ்பி பற்றி ஒரு மதிப்பீடு

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் மருத்துவர்களின் அலுவலகங்களும் மருந்தகங்களும் இன்றும் தொலைநகலை நம்பியே இயங்குகின்றன. மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு, சிறப்பு மருத்துவருக்கு எழுதும் பரிந்துரைக் கடிதம் எனப் பலவும் அந்த வழியாகத்தான் போகின்றன. அத்தகைய அலுவலகங்களுக்குத் தொலைபேசி இணைப்பு வழங்கும் சிறிய இணையவழித் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் நான் பணிபுரிகிறேன். குரலையும் தொலைநகலையும் கையாளும் ஊடக இயந்திரமாக எங்கள் சர்வர்களில் ஃப்ரீஸ்விட்ச் என்ற திறமூல மென்பொருளும், அதனுள் ஸ்பான்டிஎஸ்பி என்ற லைப்ரரியும் சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இதே தொழிலில் இருக்கும் தமிழ்ப் பொறியாளர்கள் இவற்றைத் தேர்ந்தெடுக்கலாமா, எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஃப்ரீஸ்விட்ச், ஆஸ்டரிஸ்க் என்ற திறமூலத் தொலைபேசி மென்பொருளில் முன்பு பங்களித்துவந்த ஆன்தனி மினெஸ்ஸாலேயும் அவருடைய தோழர்களும் தொடங்கிய திட்டம். அதன் 1.0 பதிப்பு 2008இல் வந்தது. இப்போது சிக்னல்வயர் நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. அழைப்புகளை ஏற்படுத்தும் எஸ்ஐபி பகுதிக்கு, நோக்கியாவில் உருவான சோஃபியா-எஸ்ஐபி லைப்ரரியை அது பயன்படுத்துகிறது. ஸ்பான்டிஎஸ்பியை எழுதியவர் ஸ்டீவ் அண்டர்வுட். தொலைநகல் மோடம்கள், தொலைநகல் இயந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி.30 நெறிமுறை, அதை இணையத்தில் கடத்தும் டி.38 நெறிமுறை, விசைத் தொனிகளைக் கண்டறிதல், ஒலியை எண்களாக்கும் ஜி.722, ஜி.726 போன்ற கோடெக்குகள் என ஒரு தொலைபேசி நிலையத்துக்குத் தேவையான ஒலிக் கணக்குகள் அந்த ஒரே லைப்ரரியில் இருக்கின்றன. முன்பு தனிச் சிப்புகளும் விலையுயர்ந்த அட்டைகளும் செய்த வேலையைச் சாதாரண சர்வரின் செயலியே செய்யும்படி ஆக்கியது அவருடைய உழைப்பு. ஆஸ்டரிஸ்கின் திறமூலத் தொலைநகல் பகுதியும் இதே லைப்ரரியைத்தான் நம்பியிருக்கிறது என்பதால், இந்தத் துறையில் சிறு நிறுவனங்கள் அவருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

நாங்கள் இதற்கு மாறிய கதையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். அதற்கு முன் தொலைநகலுக்கென்று தனி ஏற்பாடு ஏதும் எங்களிடம் இல்லை. அழைப்பு குரலா தொலைநகலா என்று பார்க்காமல், எல்லாவற்றையும் ஜி.711 கோடெக்கில் அப்படியே கடத்திவிடுவோம். ஒரு மருத்துவ அலுவலகத்திலிருந்து, ஓரிரு பக்கங்கள் நன்றாகப் போகின்றன, மருத்துவமனைக்கு அனுப்பும் நீண்ட அறிக்கைகள் மட்டும் பாதியில் அறுந்துவிடுகின்றன என்று புகார் வந்தது. நாங்கள் ஒரு பக்கம் அனுப்பிப் பார்த்தோம், சென்றது. மூன்று பக்கம் அனுப்பினோம், அதுவும் சென்றது. அழைப்புகளை எங்களிடமிருந்து வாங்கி வெளி வலைக்குக் கொண்டுசெல்லும் கேரியர் நிறுவனம், தங்கள் பக்கம் பாக்கெட் இழப்பே இல்லை, அதாவது தகவல் பொட்டலம் எதுவும் வழியில் தொலையவில்லை என்று எழுதியது. அவர்கள் சொன்னது உண்மை. ஆனாலும் பதினேழு பக்க அறிக்கை ஒவ்வொரு முறையும் பன்னிரண்டாம் பக்கத்தை ஒட்டியே நின்றது. அனுப்பிய ஊழியர் முதல் பக்கத்திலிருந்து மறுபடி அனுப்ப, அது மறுபடி நின்றது. இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று காத்திருந்த அவருக்கு எங்களால் காரணம் சொல்ல முடியவில்லை.

காரணம் கடிகாரத்தில் இருந்தது. ஜி.711இல் ஒலியை விநாடிக்கு 8000 மாதிரிகளாக எடுத்து, வழக்கமாக 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட்டாக, பாக்கெட்டுக்கு 160 மாதிரிகள் வீதம் அனுப்புகிறோம். பழைய தொலைபேசி வலையில் எல்லா நிலையங்களும் ஒரே மூலக் கடிகாரத்தின் தாளத்துக்கு இயங்கும்; இணையத்தில் அப்படி இல்லை, அனுப்பும் பெட்டிக்கு ஒரு கடிகாரம், பெறும் பெட்டிக்கு வேறொன்று. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் 3 மில்லிவிநாடி விலகுகிறது. 6 நிமிடம் 40 விநாடியில் விலகல் ஒரு முழுப் பாக்கெட் அளவான 20 மில்லிவிநாடியை எட்டுகிறது. அப்போது, வரும் பாக்கெட்டுகளைச் சற்றுத் தேக்கிச் சீராக வெளிவிடும் பெறும் பக்கத்து ஜிட்டர் பஃபர் ஒரு பாக்கெட்டைத் தூக்கி எறியவோ, இல்லாத ஒன்றை இட்டு நிரப்பவோ வேண்டியிருக்கிறது. பேச்சில் இது காதுக்குத் தெரியாது. தொலைநகலில் 14,400 பிட் வேகத்தில் இயங்கும் வி.17 மோடம் விநாடிக்கு 2400 குறிகளை அனுப்புவதால், 20 மில்லிவிநாடியில் 48 குறிகள் காணாமற்போகின்றன. மோடம் தன் பிடியை இழந்துவிடுகிறது. பக்கத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தால் அந்த நேரம் ஏறக்குறையப் பன்னிரண்டு, பதின்மூன்றாம் பக்கத்தில் வந்து விழுகிறது. ஒரு பக்கத்தை அனுப்பிச் சோதித்துவிட்டு இணைப்பு நலம் என்று சொல்லும் வழக்கத்தை அன்றே விட்டுவிட்டோம். எந்தத் தொலைநகல் சேவையையும் விலைக்கு வாங்குமுன் குறைந்தது இருபது பக்கங்களை ஒரே அழைப்பில் அனுப்பிப் பாருங்கள் என்பதே நான் தரக்கூடிய முதல் அறிவுரை.

இந்தச் சிக்கலுக்கு ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு 1998இலேயே கொடுத்த விடைதான் டி.38. அதில் ஒலி மாதிரிகள் வலையில் பயணிப்பதில்லை. தொலைநகல் எழுப்பும் ஒலியைக் கேட்வே எனப்படும் மாற்றுக் கருவி கேட்டு, அதற்குள் இருக்கும் பிட்டுகளைப் பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் பாக்கெட்டுகளில் இட்டு அனுப்ப, மறுமுனைக் கேட்வே அவற்றை மீண்டும் ஒலியாக்குகிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் முந்தைய பாக்கெட்டுகளின் நகலையும் சேர்த்து அனுப்பலாம் என்பதால் ஒன்று தொலைந்தால் அடுத்தது ஈடுசெய்கிறது. மாதிரிகளே இல்லாததால் கடிகார விலகலும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. ஃப்ரீஸ்விட்சில் ஸ்பான்டிஎஸ்பி கூறு இதை மூன்று விதமாகச் செய்யும். சர்வரே தொலைநகலைப் பெற்று டிஃப் என்ற படக் கோப்பாகச் சேமிக்கும். கையில் இருக்கும் டிஃப் கோப்பை அனுப்பும். இல்லையெனில் ஒரு பக்கம் ஜி.711, மறுபக்கம் டி.38 என்று இருக்கும்போது நடுவில் நின்று கேட்வேயாக மாற்றித் தரும்.

முதல் இரண்டிலும் ஃப்ரீஸ்விட்ச்-ஸ்பான்டிஎஸ்பி இணை மிகச் சிறப்பாக இயங்குகிறது. தொலைநகலை மின்னஞ்சலுக்கு மாற்றித் தரும் சேவைக்கு இதைவிட நல்ல அடித்தளத்தை, அதுவும் உரிமக் கட்டணம் இல்லாமல், நான் பார்த்ததில்லை. ஆனால் அதைச் சரியாக அமைப்பதற்கு, குரலாகத் தொடங்கும் ஓர் அழைப்பு எந்தக் கணத்தில் டி.38 ஆக மாறுகிறது என்பதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். அழைக்கும் இயந்திரம் 1100 ஹெர்ட்ஸ் தொனியை அரை விநாடி ஒலித்து, மூன்று விநாடி இடைவெளி விட்டு மறுபடி ஒலிக்கும். பெறும் இயந்திரம் 2100 ஹெர்ட்ஸ் தொனியால் பதில் சொல்லிவிட்டு, விநாடிக்கு 300 பிட் என்ற மெதுவான வேகத்தில் தன் திறன்களை அறிவிக்கத் தொடங்கும். மாறுவதற்கான எஸ்ஐபி கோரிக்கையான ரீ-இன்வைட்டை, அந்த அறிவிப்பைத் தரும் பெறும் பக்கமே அனுப்புவதுதான் முறை. ஃப்ரீஸ்விட்சில் டி.38ஐ ஏற்பதற்கு ஓர் அமைப்பும், தானே கேட்பதற்கு வேறோர் அமைப்பும் தனித்தனியாக இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பலவற்றில் இரண்டும் எப்போதும் இயக்கப்பட்டிருக்கும். அனுப்பும்போதும் நாம் கேட்டு, அதே கணத்தில் எதிர்ப்பக்கமும் கேட்டால், இரண்டு கோரிக்கைகளும் மோதி 491 என்ற பதில் வருகிறது. சில பெட்டிகள் அதிலிருந்து மீள்கின்றன, சில மீள்வதில்லை. பெறும்போது கேட்பதும், அனுப்பும்போது எதிர்ப்பக்கம் கேட்கும்வரை காத்திருப்பதும் என்று நாங்கள் மாற்றியபின் தோல்விகள் கண்கூடாகக் குறைந்தன.

கேரியர் டி.38ஐ ஏற்காமல் 488 என்று மறுத்தால் அழைப்பு ஜி.711இலேயே தொடர்வது இந்த மென்பொருளின் நல்ல குணம். இங்கே கேரியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. மலிவான வழி எது என்று பார்த்து அழைப்பைத் திருப்பிவிடும் கேரியர்களிடம் ஓர் அழைப்பு மூன்று நான்கு நிறுவனங்களைக் கடந்து போகலாம். இடையில் ஒருவர் டி.38 தெரியாதவராக இருந்தாலோ, ரீ-இன்வைட்டைத் தாமதமாகக் கடத்தினாலோ, இரண்டு இயந்திரங்களும் ஒலியில் பாதி பேசி முடித்த பிறகுதான் மாற்றம் வந்து சேரும். ஆகவே தொலைநகல் எண்களின் போக்குவரத்தைத் தனியாகப் பிரித்து, டி.38ஐ முனைவரை கொண்டுசெல்வதாக எழுத்தில் உறுதி தரும் இணைப்பில் மட்டுமே விடுகிறோம். இதை மென்பொருள் நமக்காகச் செய்யாது.

இந்த இணையில் நான் மிக உயர்வாக மதிப்பது, தோல்வியை அது விளக்கும் விதம். ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும் எத்தனை பக்கங்கள் இருந்தன, எத்தனை சென்றன, எந்த வேகத்தில் சென்றன, பிழைதிருத்த முறை பயன்பட்டதா, பழுதான வரிகள் எத்தனை, எதிர்முனை தன்னை எந்த எண்ணாக அறிவித்தது, இறுதியில் என்ன ஆயிற்று என்பவற்றை மாறிகளில் எழுதிவைக்கிறது. அழைப்பு இடையில் துண்டிக்கப்பட்டதா, அனுமதித்த முயற்சிகள் தீர்ந்தபின் கைவிடப்பட்டதா, எந்த மோடத்திலும் ஒத்திசைய முடியாமல் போனதா என்று காரணம் தனித்தனியாக வருகிறது. விரிவான பதிவை இயக்கினால் டி.30 உரையாடல் முழுவதையும், திறன் அறிவிப்பு, வேகத் தேர்வு, ஒன்றரை விநாடி நீளும் ஒத்திசைவுச் சோதனை, பக்க முடிவு, ஏற்புச் செய்தி என்று வரிசையாகப் படிக்கலாம். வாடிக்கையாளருக்கு "மறுபடி முயன்று பாருங்கள்" என்று மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் உதவி மையம், இப்போது "எதிர்முனை மூன்றாம் பக்கத்தை ஏற்றதாகப் பதில் தரவில்லை, அவர்களுடைய இயந்திரத்தில் தாள் தீர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்" என்று சொல்ல முடிகிறது.

பிழைதிருத்த முறையைப் பற்றி இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். இதில் பக்கம் சட்டங்கள் (ஃப்ரேம்) எனப்படும் சிறு துண்டுகளாக, பெரும்பாலும் 256 பைட் அளவில், பிரிக்கப்பட்டு, ஒரு தொகுதிக்கு 256 சட்டங்கள் வரை அனுப்பப்படுகின்றன. பெறும் இயந்திரம் பழுதானவற்றை மட்டும் திரும்பக் கேட்கிறது. இணைப்பு சரியில்லாதபோது திரும்பக் கேட்பது பெருகி அழைப்பு நீள்கிறது, சில வேளை தோற்கிறது. அதனால் இந்த முறையை அணைத்துவிடுங்கள் என்று பல சேவை நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்கின்றன. எங்களிடமும் முன்பு அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அணைத்தால் தொலைநகல் போய்ச் சேரும் என்பது உண்மை. பழுதான வரிகள் வெள்ளைக் கோடாகவோ முந்தைய வரியின் நகலாகவோ தாளில் அச்சாகும் என்பதும் உண்மை. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளியோ ஒரு இலக்கத்தின் வளைவோ அந்தக் கோட்டில் மறைந்தால், 2.5 மில்லிகிராம் 25 ஆகப் படிக்கப்படலாம். தோற்ற தொலைநகலை ஒருவர் திரும்ப அனுப்புவார். தவறாகச் சேர்ந்த தொலைநகலைப் பற்றி யாருக்கும் தெரியாது. ஃப்ரீஸ்விட்சில் இந்த முறையை இயக்கவும் அணைக்கவும் ஒரே ஓர் அமைப்புதான். மருத்துவ வாடிக்கையாளர் எவருக்கும் அதை அணைப்பதில்லை என்று எங்களுக்குள் விதி வைத்திருக்கிறோம்.

மூன்றாவது பயன்பாடான கேட்வே முறையில் என் திருப்தி குறைவு. வாடிக்கையாளரின் அலுவலகத்தில் சிறு அடாப்டர் பெட்டியில் பழைய தொலைநகல் இயந்திரம் செருகப்பட்டிருக்கும், அது ஜி.711 பேசும், கேரியர் டி.38 பேசும் என்னும் இடங்களில் இது தேவைப்படுகிறது. அழைப்பின் இரு இணைப்புகளில் எது டி.38 பக்கம் என்பதை, தன் பக்கமா எதிர்ப்பக்கமா என்று நாமே சரியாகச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் அழைப்பு ஒலியிலேயே கிடக்கும். நடுவில் நிற்கும் கேட்வே இருபக்கத்து நேரக் கட்டுப்பாடுகளையும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால், சர்வரே தொலைநகலை முடித்துவைக்கும்போது கிடைக்கும் உறுதி இங்கே கிடைப்பதில்லை. அடாப்டரிலேயே டி.38 இருந்தால், ஃப்ரீஸ்விட்சை இடையில் மாற்றம் செய்ய விடாமல் டி.38ஐ அப்படியே கடத்தும் அமைப்பைப் பயன்படுத்துவதே மேல். கேட்வே முறையைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறை வேகம். ஸ்பான்டிஎஸ்பியின் தொலைநகல் 14,400 பிட்டோடு நின்றுவிடுகிறது; சூப்பர் ஜி3 இயந்திரங்கள் பயன்படுத்தும் வி.34 மோடத்தின் 33,600 பிட் வேகம் இதில் இல்லை. சர்வரே தொலைநகலைப் பெறும்போது அதனால் பாதகமில்லை, எதிர் இயந்திரம் தானாகவே இறங்கி வந்துவிடுகிறது. ஒலியாகவே கடத்தும் அழைப்புகளில்தான் தொல்லை: இரண்டு முனைகளும் சூப்பர் ஜி3 இயந்திரங்களாக இருந்தால் அவை தங்களுக்குள் 33,600 பிட்டுக்குப் போய்விடுகின்றன, அந்த வேகம் சிறு இழப்பையும் தாங்காது. வாடிக்கையாளரின் இயந்திரத்திலேயே சூப்பர் ஜி3ஐ அணைத்துவிடச் சொல்கிறோம். இந்த ஒரு மாற்றத்தைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, ஏனெனில் இதில் எழுத்து மறைவதில்லை, நேரம் மட்டுமே கூடுகிறது.

குரல் பக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை, ஏனெனில் அது நன்றாக இருக்கிறது. ஓபஸ், ஜி.722 ஆகிய கோடெக்குகளை வெவ்வேறு மாதிரி வேகங்களோடு ஒரே மாநாட்டு அழைப்பில் கலப்பதை ஃப்ரீஸ்விட்ச் இயல்பாகச் செய்கிறது. ஜி.729 கோடெக் மட்டும் மென்பொருளோடு கூடவே வரும் கூறில் (மாட்யூல்) அப்படியே கடத்தப்படுகிறதே தவிர வேறு கோடெக்குக்கு மாற்றப்படுவதில்லை. மாற்றம் வேண்டுமானால் தனிக் கூறு தேட வேண்டும். ஜிட்டர் பஃபரை நாமே இயக்க வேண்டும் என்பதைப் புதியவர்கள் தவறவிடுகிறார்கள், பிறகு குரல் உடைகிறது என்று வலையைக் குறை சொல்கிறார்கள். குரலுக்கு நன்மை தரும் சில வசதிகள் தொலைநகலுக்குப் பகையானவை என்பதையும் மறக்கக் கூடாது. தானாக நீண்டு சுருங்கும் ஜிட்டர் பஃபரும் அமைதியான வேளையில் பாக்கெட்டை நிறுத்தும் வசதியும் அப்படிப்பட்டவை. தொலைநகல் எண்களுக்குத் தனி ப்ரொஃபைல் அமைத்து இவற்றை அங்கே அணைத்துவைப்பதே எங்கள் வழக்கம்.

நிறுவுவதில் முன்பிருந்த எளிமை இப்போது இல்லை. ஸ்பான்டிஎஸ்பியும் சோஃபியா-எஸ்ஐபியும் ஒருகாலத்தில் ஃப்ரீஸ்விட்சின் மூலநிரலோடு சேர்ந்தே வந்தன; 1.10 வரிசையில் அவை தனியே பிரிக்கப்பட்டன. ஸ்பான்டிஎஸ்பியின் புதிய நிரலில் வி.18 என்ற உரைத் தொலைபேசிப் பகுதியின் இடைமுகம் மாறியதால், அதோடு பழைய ஃப்ரீஸ்விட்சைத் தொகுத்தால் பிழை வந்து நின்றுவிடும். இரண்டுக்கும் பொருந்தும் பதிப்புகளைக் குறித்துவைத்துக்கொண்டு அவற்றையே தொகுக்க வேண்டும். ஆயத்தப் பொதிகளை இறக்கவும் சிக்னல்வயரில் கணக்குத் தொடங்கி டோக்கன் பெற வேண்டியிருக்கிறது. ஆவணங்கள் விரிவாக உள்ளன, ஆனால் பழையதும் புதியதும் கலந்து கிடக்கின்றன. பணம் கேட்காத மென்பொருள் என்றாலும், டி.30 பதிவைப் படிக்கத் தெரிந்த ஒருவர் நிறுவனத்தில் இல்லையென்றால் இதன் பயனில் பாதிகூடக் கைக்கு வராது. அவரை உருவாக்கும் காலத்தையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். வி.34 வேகம் கட்டாயம் என்றோ, தவறு நேர்ந்தால் பேச ஓர் ஆதரவு எண் வேண்டும் என்றோ நினைப்பவர்களுக்கு ப்ரூக்ட்ரௌட் எஸ்ஆர்140 போன்ற, சேனலுக்கு உரிமம் வாங்கும் வணிக மென்பொருள் பொருந்தும், டி.38 வழியாகவே 33,600 பிட் வேகம் அதில் உண்டு. அலுவலகத்துக்குள் வரிசைப்படுத்தி அனுப்பும் வேலையே முக்கியம் என்றால் ஹைலாஃபேக்ஸ் என்ற திறமூலத் தொலைநகல் மென்பொருள் இன்னும் நல்ல துணை.

ஒரு கவலை மிஞ்சியிருக்கிறது. குரல் அழைப்பை மறையாக்கி அனுப்பும் எஸ்ஆர்டிபி நடப்பில் இருந்தாலும், அழைப்பு டி.38க்கு மாறிய கணத்தில் நோயாளியின் பெயரும் நோயும் மறைப்பின்றி வலையில் பயணிக்கின்றன. டி.38 பாக்கெட்டுகளை டிடிஎல்எஸ் என்ற மறையாக்க உறையில் அனுப்பும் முறையை ஆர்எஃப்சி 7345 என்ற ஆவணம் 2014இலேயே வரையறுத்துவிட்டது. ஆனால் நாங்கள் இணைந்திருக்கும் எந்தக் கேரியரும் அதை இன்னும் ஏற்கவில்லை. எனவே எங்கள் சர்வருக்கும் மருத்துவ அலுவலகத்துக்கும் இடையிலான பகுதியை விபிஎன் வழியாக மூடியிருக்கிறோம். கேரியருக்குப் போகும் பகுதிக்குத் தனி இணைப்பு வாங்கியிருக்கிறோம். அதற்கப்பால் பொதுத் தொலைபேசி வலை தொடங்கிவிடுகிறது. இதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதி, வாடிக்கையாளர் படித்துக் கையெழுத்திட்ட பிறகுதான் தொலைநகல் எண்ணை இயக்குகிறோம்.